ராணி காணாத கடிகாரம்

இந்த மாதத்திற்கு 30 நாளா, 31 நாளா என்ற ஐயம் வந்தால், நாம் கையை மடக்கி விரல் முட்டிகளை எண்ணுகிறோம். மேடு வந்தால் 31, பள்ளம் வந்தால் 30. பிப்ரவரிக்கு மட்டும் தனிக் கணக்கு. இந்தக் கணக்கை வெறும் பற்சக்கரங்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் அதைச் செய்து காட்டினார். அக்கலையை உச்சிக்குக் கொண்டு சென்றவர்களுள் ஒருவர் ஆபிரகாம் லூயி பிரேகே. அவருடைய வாழ்க்கையை இங்கே காண்போம்.

பிரேகே, இன்று சுவிட்சர்லாந்தில் உள்ள நூஷாத்தெல் நகரில் 1747 ஜனவரி 10ஆம் நாள் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். தாயார் மறுமணம் செய்துகொண்டவர் கடிகாரத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1762இல், அதாவது நம் வயதாகிய 15இல், பிரேகே தொழில் பழக பிரான்சு நாட்டின் வெர்சாய்க்கு அனுப்பப்பட்டார். பகலில் பட்டறை வேலை. மாலையில் மஸாரின் கல்லூரியில் கணித வகுப்பு. அங்கே கற்பித்த மரி அடிகளார் என்னும் குருவானவர் இவருடைய திறமையைக் கண்டு, அரசவையாருக்கு அறிமுகம் செய்து வைத்தார். 1775இல் பிரேகே திருமணம் செய்துகொண்டு, பாரிசில் சொந்தக் கடை தொடங்கினார்.

அணிந்தவர் நடக்கும் அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் கடிகாரங்களைச் செய்து அவர் புகழ் பெற்றார். ராணி மரி அந்துவானெத்தும் அவற்றை விரும்பினார். 1783இல் ராணியின் மெய்க்காவல் படை அதிகாரி ஒருவர் புதிய கடிகாரம் ஒன்று செய்யச் சொன்னார். அன்று தெரிந்த நுட்பங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இயன்ற இடமெல்லாம் பொன்னையே பயன்படுத்த வேண்டும். செலவுக்கும் வரம்பில்லை, காலத்திற்கும் கெடுவில்லை!

அதில் அமைய வேண்டிய நுட்பங்களுள் ஒன்று நிரந்தர நாட்காட்டி. இத்தகைய கடிகாரத்திற்குள் நான்கு ஆண்டின் 48 மாதங்களையும் அறிந்த சக்கரம் ஒன்று உண்டு. அதன் விளிம்பில் குறைநாள் மாதங்களுக்குப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பள்ளத்தின் ஆழத்தைத் தொட்டறியும் நெம்புகோல், மாத முடிவில் தேதியைத் தானே தாண்டச் செய்யும். நம் விரல் முட்டிக் கணக்கேதான்!

வேலை முடியுமுன் 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. சிறையிலிருந்த ராணிக்கு 1792இல் பிரேகேயின் எளிய கடிகாரம் ஒன்றுதான் சென்றது. 1793இல் உயிருக்கு அஞ்சி அவர் சுவிட்சர்லாந்து சென்றார். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் ராணி கொல்லப்பட்டார். புரட்சி அரசு நாட்காட்டியையும் மாற்றியது. ஒவ்வொரு மாதமும் 30 நாள், வாரத்திற்கு 10 நாள். ஞாயிறு என்பதே இல்லை. பழைய நாட்காட்டிக்கென்று வெட்டிய சக்கரங்களுக்கு அந்நாட்டில் மதிப்பில்லாமல் போயிற்று. 1806இல்தான் பழைய முறை திரும்பியது.

1795இல் பாரிசு திரும்பிய பிரேகே, எல்லாவற்றையும் மீண்டும் தொடங்கினார். ஒரே முள் கொண்ட எளிய கடிகாரங்களை, விலையில் கால் பங்கை முன்பணமாகப் பெற்றுச் செய்து விற்றார். 1801இல் டூர்பியோன் என்னும் புதிய அமைப்புக்கு உரிமம் பெற்றார். 1823 செப்டம்பர் 17ஆம் நாள் காலமானார். ராணிக்கென்று தொடங்கிய கடிகாரம் அப்போதும் முடியவில்லை. 823 உறுப்புகள் கொண்ட அதை 1827இல் பட்டறையார் நிறைவு செய்தனர். கேட்டவரும் இல்லை, தொடங்கியவரும் இல்லை! 1983இல் எருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து களவுபோன அது, 2007இல் மீட்கப்பட்டது.

இத்தனை அறிவுள்ள கடிகாரமும் மனிதர் துணையின்றி வாழாது. பெட்டியில் வைத்துவிட்டால் நின்றுவிடும். பிறகு தேதி, கிழமை, மாதம், லீப் ஆண்டு அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை பல கடிகாரங்களில் தேதியைத் திருத்தக் கூடாது. அப்போது பற்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் முறிந்துபோகக் கூடும். பலவற்றில் முன்னால் மட்டுமே நகர்த்தலாம். ஒரு நாள் தாண்டிவிட்டால், கடிகாரத்தை நிறுத்திவிட்டு அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். தேதிக் கட்டம் மட்டும் உள்ள நம் வீட்டுக் கைக்கடிகாரத்தையோ ஆண்டுக்கு ஐந்து முறை திருத்த வேண்டும்.

2100ஆம் ஆண்டில் நிரந்தர நாட்காட்டியும் தவறும். பாப்பரசர் 13ஆம் கிரகோரியார் 1582இல் வகுத்த விதிப்படி அது லீப் ஆண்டு அன்று. நான்காண்டுச் சக்கரமோ பிப்ரவரி 29ஐக் காட்டி நிற்கும். நம் பேத்தியர்தாம் அதைத் திருத்த வேண்டும்! காரமடை மாசி மகத் தேரும் உயிர்ப்புப் பெருவிழாவும் என்று வரும் என்பதையும் அச்சக்கரம் அறியாது. அவை நிலவைப் பார்த்து வருபவை.

ராணி மறைந்த பின்னும், நாட்காட்டியே மாறிய பின்னும் பிரேகேயின் பட்டறை அவ்வேலையைக் கைவிடவில்லை. பார்ப்பவர் இருக்கிறாரா என்று பாராமல், எடுத்த வேலையைச் செம்மையாகச் செய்வோம். நாம் விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு கை வரும்.