பேக்கர் அருவிக்குப் பெயர் தந்தவர் யார்? மருந்து இடித்த துப்பாக்கியும் மரை வேட்டையும்

இலங்கையின் ஹோர்டன் சமவெளிக்கு டூர் போனவர்களின் போனில் மூன்று படங்கள் கட்டாயம் இருக்கும். உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளம், பேக்கர் அருவி, வண்டி நிறுத்தும் இடத்தில் கூச்சமே இல்லாமல் வந்து நிற்கும் ஒரு மரை. நாம் மிளா, கடமான் என்று சொல்கிற அதே மானைத்தான் இலங்கைத் தமிழில் மரை என்பார்கள்.

அந்த மரைக்கும் அந்த அருவிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அருவிக்குப் பெயர் தந்த சாமுவேல் வைட் பேக்கர், அந்த மலைகளில் மரையைத் துரத்தித் துரத்தி வேட்டையாடியே பெயர் வாங்கியவர்.

யார் இந்த பேக்கர்?

1821-ல் லண்டனில், வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். மொரீஷியஸில் குடும்பத்துக்குத் தோட்டம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளப் போனவருக்கு அங்கே மனசு ஒட்டவில்லை. யானை வேட்டைக் கதைகளைக் கேட்டு, 1840-களின் நடுவில் இலங்கைக்குக் கப்பலேறினார். அப்போது வயது இருபத்தைந்தைத் தொடவில்லை.

தாழ்நிலக் காடுகளில் சுற்றியதில் காய்ச்சல் வந்து படுத்தார். உடம்பு தேற நுவரெலியாவுக்குப் போனபோது அந்தக் குளிரும் புல்வெளியும் பிடித்துப்போய்விட்டது. இங்கிலாந்து திரும்பி, 1848-ல் தம்பி, குடும்பம், மாடு, ஆடு, ஏர், வேட்டை நாய்கள் என ஒரு கிராமத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மலை உச்சியில் ஓர் ஆங்கிலப் பண்ணை. பிளான் அதுதான்.

பிளான் உடனே சொதப்பியது. பெர்க்ஸ் என்ற குதிரைக்காரர் குடிபோதையில் வண்டியை மலைப்பாதையிலிருந்து கவிழ்த்தார். அதை மீட்க அனுப்பிய அரசாங்க யானையையும் கண்டபடி விரட்டி ஓட்டியே சாகடித்தார். உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரை ராத்திரியில் மரையும் காட்டுப்பன்றியும் மேய்ந்துவிட்டுப் போயின. ஆக, பேக்கருக்கு மரை வெறும் விளையாட்டுப் பொருள் மட்டுமில்லை, பயிரை அழிக்கும் எதிரியும்கூட.

அந்தக் காலத்துத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது?

பேக்கரின் இலங்கை வேட்டை முழுக்க, குழலின் வாய் வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கிகளால் நடந்தது. முதலில் கருமருந்தை அளந்து குழலுக்குள் கொட்ட வேண்டும். பிறகு துணியிலோ தோலிலோ பொதிந்த ஈயக் குண்டு. இரண்டையும் நீளக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். கடைசியாக, தீபாவளி கேப் மாதிரி அடித்தால் பொறி பறக்கும் ஒரு சின்னச் செம்புக் குப்பியைப் பின்பக்கம் மாட்ட வேண்டும். பழகிய கைக்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மழையில் மருந்து நனைந்தால் கதை முடிந்தது.

நம்ம ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பதும் இதே வகைதான். விருத்தாசலம் பக்கத்தில் மங்கலம்பேட்டை மாதிரி ஊர்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு, தோளில் துப்பாக்கியும் கையில் கொக்கு, கௌதாரியுமாக வந்த நரிக்குறவர்கள் நினைவுக்கு வரலாம். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு குற்றமாகிவிட்டது.

பேக்கரிடம் இருந்தவை பெரிய சைஸ். நான்கு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் குண்டு போடும் ஒற்றைக் குழல் ரைஃபிள் ஒன்று. அதன் எடை ஒன்பதரை கிலோ. அதோடு ஒவ்வொன்றும் ஏழு கிலோ வரும் இரட்டைக் குழல் ரைஃபிள்கள் நான்கு. அத்தனையையும் ஒருவர் சுமக்க முடியாது. அவர் ஒன்றைச் சுட்டதும் அடுத்ததை நீட்ட, பின்னாலேயே துப்பாக்கி தூக்கும் ஆட்கள் ஓடினார்கள். சீறிவரும் எருமைக்கு முன்னால் அவர்கள் பதறி ஓடிவிட்டால், கையில் இருப்பது வெறும் இரும்புக் குழாய்.

அப்படி ஒரு நாள் வந்தது. மின்னேரியா ஏரிக்கரையில் காயம்பட்ட காட்டெருமை எதிரே நிற்கிறது, குண்டு தீர்ந்துவிட்டது. பேக்கர் பையிலிருந்த வெள்ளிச் சில்லறைக் காசுகளைத் துணியில் சுற்றிக் குழலுக்குள் இடித்தார். எருமை பாய்ந்ததும் மிகக் கிட்டத்தில் வைத்து நெற்றியில் சுட்டார். அது சுருண்டு விழுந்தது. அவர் அங்கே நின்று செத்ததா என்று பார்க்கவில்லை, இடத்தைக் காலி செய்தார். இன்றைய தோட்டா போடும் துப்பாக்கியில் இந்த வித்தை நடக்காது.

சுட்டால் முடிந்ததா?

இல்லை. சுட்ட பிறகுதான் நிஜ வேலையே தொடங்கும்.

கருமருந்து வெடித்தால் கண்முன் வெள்ளைப் புகைச் சுவர் எழும்பும். மான் விழுந்ததா, ஓடியதா, எந்தப் பக்கம் ஓடியது என்று சுட்டவருக்கே தெரியாது. நெஞ்சில் குண்டு வாங்கிய கலைமான்கூடச் சில நொடிகள் முழுவேகத்தில் ஓடிப் புதருக்குள் மறைந்துவிடும். உடனே துரத்தினால் பயத்தில் இன்னும் தூரம் போகும். அதனால் கொஞ்ச நேரம் அசையாமல் காத்திருப்பது வழக்கம்.

பிறகு தடம். நுரைத்த வெளிர் சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரலில் பட்டிருக்கிறது, மான் பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். ரத்தத்தோடு இரைப்பைக் கசடு கலந்திருந்தால் வயிறு. அது சாக மணிக்கணக்காகும், வேதனையும் அதிகம். ரத்தம் நின்றுபோன இடத்தில் மடங்கிய புல், புரண்ட சருகு, அகலமாகப் பதிந்த குளம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் போக வேண்டும். தேடி எடுக்காவிட்டால் மான் நரிக்கோ முதலைக்கோ போகும். கண்டுபிடித்தாலும் தாழ்நில வெயிலில் சில மணி நேரத்தில் இறைச்சி கெட்டுவிடும். அதனால் கீற்றுக் கீற்றாக அறுத்து, நெருப்பின் மேல் பரண் கட்டி வாட்டுவார்கள். நம்ம உப்புக் கண்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வேடர்கள் மான் இறைச்சியைத் தேனில் ஊறப்போட்டு வைப்பார்கள்.

இந்தத் தேடலில் துரைமார் கெட்டிக்காரர்கள் இல்லை. தடம் பார்த்தவர்கள் வேடர்களும், சிங்களக் கிராமத்தாரும், தமிழ் பேசும் முஸ்லிம்களும்தான். கிழக்கிலும் வன்னியிலும் இருந்த பணிக்கர்கள், தடம் பிடித்துப் போய் யானையின் காலில் கயிறு மாட்டும் அளவுக்குக் காடு தெரிந்தவர்கள். பேக்கரின் புத்தகத்தில் அவருடைய நாய்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. தடம் பார்த்தவர்களின் பெயர்கள் அபூர்வம். நியாயமாகப் பார்த்தால் அந்த வேட்டைப் புகழில் பாதி அவர்களுக்குப் போக வேண்டியது.

மலையில் துப்பாக்கி ஏன் இல்லை?

நுவரெலியா, ஹோர்டன் சமவெளிப் பக்கம் மரை வேட்டைக்கு பேக்கர் துப்பாக்கி எடுத்துப் போகவில்லை. இருண்ட சோலைக் காட்டில் பத்தடி தள்ளி நிற்பது தெரியாது. தெரிந்தாலும் சுற்றி அவருடைய நாய்களே நிற்கும். அதனால் நாய்க் கூட்டமும் கத்தியும் மட்டும். கத்தி ஓர் அடி நீளம், மூன்று பவுண்டு எடை.

நாய்கள் மோப்பம் பிடித்துக் கிளப்பும். மரை மலைச்சரிவில் ஓடி, கடைசியில் ஓடையில் இறங்கும். இடுப்பளவு நீரில் பாறைக்கு முதுகு காட்டி, கொம்பைத் தாழ்த்தி நிற்கும். நீந்தி வரும் நாயை முன்காலால் மிதிக்கும், கொம்பால் குத்தும். பேக்கர் சத்தத்தை வைத்துக் காட்டையும் பள்ளத்தையும் தாண்டி ஓடிவந்து, தண்ணீரில் இறங்கிக் கத்தியால் முடிப்பார். வழுக்குப் பாறை, பக்கத்திலேயே அருவி. மரையால் செத்த நாய்கள் பல, சிறுத்தை தூக்கிப் போனவை வேறு. நேருக்கு நேர் நிற்பதால் இதுதான் நியாயமான வேட்டை என்று அவர் நம்பினார். பத்துப் பதினைந்து நாய்கள் வளைத்து நிற்கும்போது அது எவ்வளவு நியாயம் என்பதை மரையிடம்தான் கேட்க வேண்டும்.

அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பில் மலைநாட்டுக் காடுகள் காப்பித் தோட்டங்களாகிக்கொண்டிருந்தன. நாய்கள் விட்டுவைத்த மரைக்கும் ஒதுங்க இடம் குறைந்துகொண்டே வந்தது.

பிறகு என்ன ஆனார்?

1854-ல் இலங்கை வேட்டை பற்றிய அவருடைய முதல் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டே குடும்பத்தோடு இலங்கையை விட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் மனைவி ஹென்ரியட்டா டைபாய்டில் இறந்தார். நான்கு பெண் குழந்தைகளைத் தன் சகோதரியிடம் விட்டுவிட்டு மறுபடி ஊர் சுற்றக் கிளம்பினார். 1859-ல் டான்யூப் கரையிலிருந்த விடின் நகரத்தின் அடிமைச் சந்தையிலிருந்து மீட்ட ஃப்ளாரன்ஸ் என்ற இளம்பெண் பிறகு அவர் மனைவியானார். இருவரும் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய், 1864 மார்ச்சில் ஆல்பர்ட் ஏரியை அடைந்தார்கள். சர் பட்டம், எகிப்து ஆட்சியாளரின் கீழ் தெற்கு சூடான் பகுதியில் ஆளுநர் பதவி, அடிமை வியாபாரத்துக்கு எதிரான படையெடுப்பு எல்லாம் அதன் பிறகு. உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது இதற்காகத்தான். 1893 டிசம்பர் 30 அன்று இங்கிலாந்தின் டெவனில் இறந்தார்.

மரையின் கதை வேறு மாதிரி திரும்பியது. ஹோர்டன் சமவெளி 1988-ல் தேசியப் பூங்கா ஆனது. 2010-ல் இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சமவெளியிலிருந்து யானைகள் எப்போதோ போய்விட்டன. மரைகள் மட்டும் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. அங்கே அவற்றை வேட்டையாடுவது சிறுத்தைதான். அவற்றுக்குப் புதிதாக வந்திருக்கும் தொல்லை பிஸ்கட்டும் பிளாஸ்டிக் கவரும். வாசலிலேயே பையைச் சோதித்து பாலித்தீனை எடுத்துவிடுவார்கள். மரை எவ்வளவு பக்கத்தில் வந்து நின்றாலும் தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது.