கண்ணமங்கலத்தில் துளை போட்டு குதிச்சா 42 நிமிஷம்... இந்தக் கணக்குக்குப் பின்னாடி இருக்கும் லாம்டன் யார்?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் கண்ணமங்கலம். அங்கே ஒரு துளை போடுறோம்னு வைங்க. பூமியின் மையம் வழியா, மறுபக்கம் வரைக்கும் நேரா. அதுக்குள்ள ஒருத்தர் குதிச்சா என்ன ஆகும்?

சுமார் 42 நிமிடத்தில் மறுபக்கம் போய்ச் சேர்ந்துடுவார். மையத்தைக் கடக்கும்போது வேகம் விநாடிக்கு கிட்டத்தட்ட 8 கி.மீ. தலையை வெளியே நீட்டினால் தென் அமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடல். அங்கே யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலைன்னா, திரும்ப கண்ணமங்கலத்தை நோக்கியே விழ ஆரம்பிச்சிடுவார்.

காற்று, உள்ளே இருக்கிற கொதிக்கும் சூடு, கடல் தண்ணீர் எல்லாத்தையும் மறந்துட்டுப் போடுற கணக்குதான் இது. நிஜத்தில் மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கு. அதுவே 12 கி.மீ. சொச்சம்தான்.

இந்த 42 எப்படி வந்தது? பூமி எவ்வளவு பெரிசு, அது நம்மை எவ்வளவு பலமா இழுக்குது என்ற இரண்டு தகவல் தெரிஞ்சா போதும். இரண்டையுமே 200 வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊரிலேயே அளந்திருக்காங்க. முதல் தகவலுக்காகத் தன் கடைசி 20 வருஷத்தைக் கொடுத்தவர்தான் வில்லியம் லாம்டன்.

கிரகணம் பறித்த பார்வை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், 1750-களில், எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்கப் போருக்குப் போனார், யார்க்டவுனில் கைதியானார். பிறகு பல வருஷம் கனடாவில் நில அளவை வேலை. அங்கே சூரிய கிரகணத்தைக் கருவி வழியா பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை போச்சு. வாழ்நாள் முழுக்க தொலைநோக்கியில் கண் வைக்கப் போகிற ஒருத்தருக்கு இது சாதாரண இழப்பு இல்லை.

1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசிப் போரில் லாம்டனும் இருந்தார். ஓர் இரவு படை தவறான திசையில் போகிறதை நட்சத்திரத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுச் சொன்னவர் அவர்தான். போர் முடிந்ததும், தென்னிந்தியாவை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை துல்லியமா அளக்கலாம் என்று திட்டம் கொடுத்தார். புதுசா பிடிச்ச நிலத்துக்கு வரைபடம் வேணும் என்பது கம்பெனியின் கணக்கு. பூமியின் உருவம் தெரியணும் என்பது லாம்டனின் ஆசை.

கத்திரி வெயிலில் ஒரு சங்கிலி

1802 ஏப்ரல் 10-இல் சென்னை பரங்கிமலை அருகே வேலை ஆரம்பம். 100 அடி இரும்புச் சங்கிலியை சுமார் 400 தடவை அடுத்தடுத்து வைத்து, 12 கி.மீ. நேர்கோட்டை அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் வெப்பமானியையும் கூடவே பார்த்துக் குறிக்கணும். மே 22 வரை, ஆறு வாரம் ஆனது.

அதுக்கப்புறம் சங்கிலியை எப்பவாவதுதான் எடுக்கணும். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிஞ்சா முக்கோணத்தின் மற்ற பக்கங்கள் கணக்கிலேயே வந்துடும். அப்படி மலை மலையா முக்கோணம் போட்டார். ஜவ்வாது மலைப் பக்கம் இருக்கிற கர்நாட்டிகர் குன்றும் அவர் பட்டியலில் உண்டு. கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை மட்டும் அரை டன். அதைத் தோளில் சுமந்து குன்று ஏறிய நம்ம ஊர் ஆட்களை இன்னிக்கு யாருக்கும் தெரியாது.

கடலூர்ப் பக்கத்திலிருந்து வடக்கே நகர்ந்து நட்சத்திரங்களின் உயரம் மாறுவதைக் கவனித்து, ஒரு டிகிரி தூரம் சுமார் 110.6 கி.மீ. என்று கண்டார். இதை 360-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. அதிலிருந்து ஆரம் சுமார் 6,340 கி.மீ. இன்றைய சராசரி 6,371. பூமி சரியான உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் புடைச்சிருக்கு என்பதால்தான் இந்தச் சின்ன வித்தியாசம்.

தஞ்சையில் அறுந்த கயிறு

1808. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நசுங்கியது. கோணம் அளக்கும் வட்டமே நெளிந்தால் மொத்த வேலையும் நின்றுபோகும். புதுக் கருவி வேணும்னா இங்கிலாந்திலிருந்து கப்பலில்தான் வரணும். லாம்டன் கூடாரத்துக்குள் போய் ஆறு வாரம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமா தட்டித் தட்டி அந்த வட்டத்தை நிமிர்த்தினார். சர்வே தொடர்ந்தது.

ஊசல் சொன்ன பதில்

இரண்டாவது தகவல் 1821-இல் வந்தது. சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் ஓர் ஊசலை ஆட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக சரியா 1 விநாடி எடுக்கும் ஊசல் எவ்வளவு நீளம்? சுமார் 99 செ.மீ. பூமி இழுக்கும் பலம் இந்த நீளத்தில் அடங்கியிருக்கு.

இப்போ சுவாரஸ்யம். பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்தால், துளைக்குள் விழுகிறவர் ஊசல் மாதிரியேதான் அலைவார். உள்ளே போகப் போக ஈர்ப்பு குறையும், மையத்தில் பூஜ்யம். அவரோட கணக்கு, பூமியின் ஆரம் அளவு நீளமுள்ள ஊசலின் கணக்கு. லாம்டனின் ஆரம் 99 செ.மீ.யைப் போல சுமார் 64 லட்சம் மடங்கு. நேரம் அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான் கூடும், அதாவது சுமார் 2,530 விநாடி. 60-ஆல் வகுத்துப் பாருங்க, 42 நிமிடம்!

துளை மையம் வழியா போகணும்னுகூட இல்லை. கண்ணமங்கலத்திலிருந்து சென்னைக்கு உராய்வே இல்லாத நேர்ச் சுரங்கம் போட்டாலும் அதே 42 நிமிடம்தான். நடுவில் ஆழம் சுமார் 300 மீட்டர் மட்டும். பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஆனா நிஜ பூமியின் மையம் வெளிப்பகுதியை விட அடர்த்தி அதிகம் என்பதால், மையம் வழியா விழுந்தால் 38 நிமிடம் போதும் என்கிறது இன்றைய கணக்கு.

லாம்டன் அப்போதும் ஓயவில்லை. எழுபது வயதை ஒட்டி, காசநோயோடு, வடக்கு நோக்கி அளந்துகொண்டே போனார். 1823 ஜனவரி 20-இல் இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இறந்தார். வேலையை உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். 1865-இல் உலகின் உயரமான சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயரை வைத்தார்கள்.