கரிசல் மண்ணில் விழுந்த கோதுமை மணி
(தாமஸ் ராக்லண்ட் ஐயரின் ஜீவிய சரித்திரம்)

 

நம்ம சபைகளில் வாசிக்கிற ஜெபக் குறிப்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பெல்லாம் மழைக்காகவும் பிள்ளைங்க பரீட்சைக்காகவும் ஜெபிக்கச் சொல்லி எழுதுவார்கள். இப்போது விசாவுக்காக ஜெபிக்கச் சொல்லுகிறார்கள். மகன் துபாயில் இருந்து ஜெர்மனிக்கு மாற வேண்டும், மகள் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போக வேண்டும், மருமகனுக்கு லண்டனில் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வருகிறது. தவறு ஒன்றும் இல்லை. ஆபிரகாமும் ஊரை விட்டுப் போனவர்தானே! ஆனால் ஒருவர் நாடு விட்டு நாடு போகும்போது எதைத் தேடிப் போகிறார் என்பதில்தான் காரியமே இருக்கிறது.

அதனால் இந்த இதழில் நமக்கு எதிர்த்திசையில் பயணம் செய்த ஒருவரைப் பற்றி எழுதுகிறோம். அவர் ஐரோப்பாவின் ஒரு மூலையில் பிறந்து, இன்னொரு நாட்டில் வளர்ந்து வேலை பார்த்து, அங்கே கிடைத்த மேன்மையையெல்லாம் விட்டுவிட்டு நம்முடைய இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து, இங்கேயே மண்ணானவர். கோவில்பட்டியில் இருந்து சாத்தூர் வழியாக பஸ் ஏறினால் வந்துவிடுகிற சிவகாசியில்தான் அவர் மரித்தார். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை

தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் 1815-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி ஜிப்ரால்டரில் பிறந்தார். ஸ்பெயின் தேசத்தின் தென்முனையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பெரிய பாறைதான் ஜிப்ரால்டர். 1704-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். அது முதல் அது அவர்களுடைய கோட்டையாகவும் துறைமுகமாகவும் இருந்து வருகிறது.

குழந்தைப் பருவத்திலேயே தாயையும் தகப்பனையும் இழந்துவிட்டார் ராக்லண்ட். இங்கிலாந்தில், லிவர்பூல் பட்டணத்தில் இருந்த உறவினர்கள் அந்தப் பிள்ளையை எடுத்து வளர்த்தார்கள். இப்படி விவரம் தெரியாத வயதிலேயே அவருக்கு நாடு மாறிவிட்டது. வளர்ந்த பின்பு சில வருஷம் உறவினரின் வியாபார அலுவலகத்தில் வேலை பார்த்தார். கணக்கு எழுதுவதும் கடிதம் எழுதுவதும்தான் வேலை.

லிவர்பூல் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? அந்தக் காலத்தில் உலகத்துப் பஞ்செல்லாம் வந்து இறங்கிய துறைமுகம் அது. நம்ம கரிசல் காட்டில் விளைந்த பருத்திக்கும் சீமையில் திருநெல்வேலிப் பருத்தி என்றே பெயர். தூத்துக்குடியில் கப்பல் ஏறி அது ஐரோப்பாவுக்குப் போனது. நம்ம காட்டுப் பஞ்சு அங்கே போனது. அந்த ஊரில் வளர்ந்த பிள்ளையைத் தேவன் நம்ம காட்டுக்கு அனுப்பினார். தேவனுடைய கணக்கைப் பாருங்கள்!

உயர்ந்த இடமும் அதை விட்டதும்

வியாபாரத்தில் அவர் மனம் தங்கவில்லை. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதத்தில் முதல் வகுப்பில் தேறுகிறவர்களை வரிசைப்படுத்தி அறிவிப்பார்கள். தேசமே அந்தப் பட்டியலை எதிர்பார்த்திருக்கும். 1841-இல் அந்த வரிசையில் நாலாவது இடம் ராக்லண்டுக்குக் கிடைத்தது! கல்லூரியே அவரைத் தன் ஃபெலோவாக ஏற்றுக்கொண்டது. தங்க இடம், சாப்பாடு, வருமானம், மரியாதை எல்லாம் உண்டு. கையில் புத்தகத்தோடு காலமெல்லாம் அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம். அனாதைப் பிள்ளைக்குக் கடைசியில் ஒரு வீடு கிடைத்த மாதிரிதானே அது?

அவர் அதை விட்டார். சர்ச் மிஷனெரி சங்கத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து, 1845-இல் சென்னைக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-இல்தான். அந்த நாட்களில் இந்தியாவுக்குப் புறப்படுகிறவர் திரும்பி வருவார் என்ற நிச்சயம் யாருக்கும் கிடையாது.

சென்னையில் அவருக்குச் சங்கத்தின் காரியதரிசி வேலை கொடுக்கப்பட்டது. எங்கே எந்த மிஷனெரி, யாருக்கு எவ்வளவு பணம், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்ன தேவை, இதெல்லாம் அவர் மேசைக்கு வரும். லிவர்பூலில் கற்ற கணக்கும் கடிதமும் இங்கே பயன்பட்டது. பிரியமானவர்களே, நீங்கள் இன்று செய்கிற சாதாரண வேலையைக் கூட கர்த்தர் வீணாக விடமாட்டார்.

வடக்கே யார் போவது?

காரியதரிசியாக அவர் திருநெல்வேலிக்கு வந்து ஊழியங்களைச் சுற்றிப் பார்த்தார். அப்போது ஒரு விஷயம் அவர் உள்ளத்தைக் குத்தியது.

தெற்கே, தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் ஊருக்கு ஊர் சபைகள் இருந்தன. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அங்கே விதை போடப்பட்டிருந்தது. அதில் பெரும் பங்கு ரேனியஸ் ஐயருடையது. அவரும் நாடு மாறி வந்தவர்தான். 1790-இல் பிரஷ்யா தேசத்தில் பிறந்த ஜெர்மானியர். பெர்லினில் படித்து, இங்கிலாந்துக்குப் போய், ஆங்கிலேயச் சங்கத்தின் கீழ் 1814-இல் சென்னைக்கு வந்து, 1820-இல் பாளையங்கோட்டையில் குடியேறி, 1838-இல் அங்கேயே மரித்தார். அந்நிய தேசத்தாரின் சங்கத்தில் வேலை செய்ததின் கஷ்டத்தையும் அவர் பட்டார். சபை ஒழுங்கு பற்றிய கருத்து வேற்றுமையால் 1835-இல் அந்தச் சங்கமே அவரை விலக்கிவிட்டது. ஆனாலும் அவர் போட்ட விதை அழியவில்லை.

வடக்கே நிலைமை வேறு. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் என்று விரிந்து கிடந்த கரிசல் சீமை அன்று திருநெல்வேலி ஜில்லாவோடு இருந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் இருந்தும் சுவிசேஷம் சொல்ல ஆள் அபூர்வம். ஊழியர்களெல்லாம் ஏற்கெனவே சபை இருக்கிற இடத்திலேயே இருந்தார்கள். அது இயல்புதான். இருக்கிற மந்தையை மேய்க்கவே நேரம் சரியாக இருந்தது.

ராக்லண்ட் ஒரு திட்டம் எழுதினார். ஊழியர் ஓரிடத்தில் பங்களா கட்டி உட்காராமல், கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போக வேண்டும். ஒரு தடவை பிரசங்கித்துவிட்டு ஓடிவிடாமல், அதே ஊருக்கு மறுபடியும் மறுபடியும் வர வேண்டும். திட்டம் எழுதுகிறவர்கள் ஏராளம். ஆனால் இவர் திட்டத்தை எழுதிவிட்டு, போகிற ஆளாகத் தன் பெயரையே கொடுத்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். அதுதான் வித்தியாசம்!

கூடார வாழ்க்கை

1854-இல் வேலை ஆரம்பமானது. கேம்பிரிட்ஜில் படித்த இன்னும் இரண்டு வாலிபர்கள், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்பவர்கள், அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

கரிசல் காட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வைகாசியில் நிலம் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு கூடை மண் காலோடு வரும். வண்டி அச்சு வரைக்கும் புதைந்துவிடும். அந்த நாளில் கோவில்பட்டி வழியாக ரயிலும் கிடையாது. மதுரை தூத்துக்குடி ரயில் பாதை 1876-இல்தான் வந்தது. குடிக்கிற தண்ணீருக்கே ஊருக்கு வெளியே நடக்க வேண்டும். அந்த வெயிலிலும் சகதியிலும் துணிக் கூடாரத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பேசுவார்கள். கூடாரத்துக்குத் தேடி வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். பிறகு கூடாரத்தைப் பிரித்து அடுத்த இடம் போவார்கள். ராக்லண்ட் கலியாணம் செய்துகொள்ளவில்லை. வீடு என்று ஒன்று அவருக்குக் கடைசி வரை அமையவில்லை.

இந்த இடத்தில் ஒரு காரியத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த ஊழியம் வெள்ளைக்காரர்கள் மட்டும் செய்தது அல்ல. தமிழ் உபதேசியார்கள் அவர்களோடு நடந்தார்கள். அவர்களில் ஒருவர் டபிள்யூ. டி. சத்தியநாதன். பின்னாளில் குருப்பட்டம் பெற்று, சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் சபையில் நீண்டகாலம் போதகராக இருந்த அதே சத்தியநாதன் ஐயர்தான். இன்னொரு சந்தோஷமான செய்தி: தெற்கே இருந்த சபைகள் தங்கள் உபதேசியார்களை மாதத்துக்கு ஒருவராக முறைவைத்து, தங்கள் செலவிலேயே வடக்கே அனுப்பின. பனை ஏறிப் பிழைத்த ஏழை விசுவாசிகளும் நிறைந்த சபைகள் அவை. அவர்கள் போட்ட காணிக்கையில் கரிசல் காட்டில் சுவிசேஷம் சொல்லப்பட்டது. அந்த உபதேசியார்களில் பலருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜீவபுஸ்தகத்தில் இருக்கிறது, அல்லேலூயா!

பலன் எங்கே?

இப்போது ஒரு கசப்பான உண்மை. எழுப்புதல் பத்திரிகையில் எழுதும்போது ஆயிரம் பேர் ரட்சிக்கப்பட்டார்கள், பத்தாயிரம் பேர் கூடினார்கள் என்று எழுதத்தான் நமக்கு ஆசை. ராக்லண்ட் ஐயரைப் பற்றி அப்படி எழுத முடியாது. நாலு வருஷத்துக்கு மேல் வெயிலில் அலைந்தும், அவர் கண் கண்ட அறுவடை மிகக் கொஞ்சம். கேட்டார்கள், தலையை ஆட்டினார்கள், போய்விட்டார்கள். சில ஊரில் பரிகாசமும் செய்தார்கள். ஆளும் தேசத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து கூடாரம் அடித்தால், சாதாரண ஜனங்கள் சந்தேகமாகப் பார்த்திருப்பார்கள். அதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கணிதத்தில் நாலாவதாக வந்த மனுஷன் இந்தக் கணக்கை எப்படித் தாங்கினார்? யோவான் 12-ஆம் அதிகாரம் 24-ஆம் வசனத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னது அது. ராக்லண்ட் அதைத் தன் ஊழியத்தின் வழியாகவே எடுத்துக்கொண்டார். வெற்றிக்கு ஆண்டவர் காட்டிய நிச்சயமான வழி நிலத்தில் விழுந்து சாவதுதான் என்பது அவருடைய விசுவாசம்.

அவர் சரீரம் பலவீனமானது. நுரையீரலில் வியாதி இருந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பிப் போக அவருக்குப் போதுமான காரணம் இருந்தது. கல்லூரியில் இடமும் இருந்தது. அவர் போகவில்லை. 1858-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில், திடீரென்று நுரையீரலில் ரத்தம் கசிந்து, கொஞ்ச நேரத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 43.

அக்டோபர் 22 என்றால் நமக்கு ஐப்பசி மாதம். கரிசல் சம்சாரி மழையை நம்பி விதைக்கிற காலம். எங்கேயோ ஜிப்ரால்டர் பாறையில் பிறந்த அந்த மணியும் சரியான பருவத்தில்தான் நம்ம மண்ணுக்குள் போனது!

மண்ணுக்குள் போனது முளைத்தது

அவர் மரித்ததோடு ஊழியம் நிற்கவில்லை. ஃபென்னும் மெடோஸும் தமிழ் ஊழியர்களும் தொடர்ந்தார்கள். கூடாரம் அடித்த சீமையில் சபைகள் எழும்பின. சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் என்று ஒரு கிறிஸ்தவ ஊரே உண்டானது. சாட்சிகளின் ஊர்! பள்ளிக்கூடங்கள் வந்தன. டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், ராக்லண்டைத் தன் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் ஜீவியத்தால் தொடப்பட்டு, அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

இன்றைக்கு வட திருநெல்வேலிச் சீமையில் சி.எஸ்.ஐ. சபை இருக்கிறது, பெந்தெகொஸ்தே சபைகள் இருக்கின்றன, நாமும் இருக்கிறோம். நாம் அறுக்கிறோம், விதைத்தவர்கள் வேறே. இதை மறந்து பெருமை பேசினால் தேவ சமுகத்தில் நம்மால் நிற்க முடியுமா?

வெளிநாடு போகிற பிள்ளைகளே, அவர்களுக்காக முழங்காலில் நிற்கிற பெற்றோரே! ஜெர்மனிக்குப் போங்க, அயர்லாந்துக்குப் போங்க, உண்மையாய் உழைத்துச் சம்பாதியுங்க, வீட்டுக் கடனை அடையுங்க. ஆனால் ஒரு கேள்வியைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. ராக்லண்ட் ஐயர் நாடு மாறினபோது அவர் போன ஊருக்கு ஒரு விதை கிடைத்தது. நீங்கள் போகிற ஊருக்கு உங்களால் என்ன கிடைக்கப் போகிறது? சம்பளச் சீட்டில் அதற்குப் பதில் இராது.

போகாமல் இங்கேயே இருக்கிறவர்களே, பல வருஷமாய் ஒரே தெருவில் சாட்சி சொல்லியும் ஒருவரும் வரவில்லையே என்று சோர்ந்திருக்கிற ஊழியக்காரரே! எண்ணிக்கையைப் பார்த்து அழாதிருங்கள். மழை பெய்யும் முன்னே விதைக்கிற சம்சாரி மறுநாளே போய் மண்ணைக் கிளறிப் பார்ப்பது இல்லை. வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறான்.

பின்மாரியைத் தருகிற கர்த்தர் நம்மையும் விதையாய் ஏற்றுக்கொள்வாராக. ஆமென்.