வால்வு ஒலியின் ‘கதகதப்பு’: சால் மராண்ட்ஸ் தேடியது அதுதானா?

முதல் சம்பள உயர்வு வந்ததும் டர்ன்டேபிள் வாங்கியாச்சு. நல்ல ஸ்பீக்கரும் வந்தாச்சு. அடுத்து என்ன என்று கேட்டால், விஷயம் தெரிந்த யாராவது ஒருவர் வால்வு ப்ரீஆம்ப் வாங்கச் சொல்வார். அதில்தான் ‘வார்ம்’ ஒலி வரும் என்பார். கூடவே ஒரு பெயரும் வரும்: மராண்ட்ஸ் மாடல் 7. 1958-ல் வந்த கருவி. இன்றைக்கும் வால்வு ப்ரீஆம்ப் என்றாலே உதாரணம் காட்டப்படுவது அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான சால் மராண்ட்ஸ், ஒலிக்குக் கதகதப்பு சேர்க்க எதையும் செய்யவில்லை. அவர் போராடியது வேறு ஒரு பிரச்னையோடு.

1911-ல் நியூயார்க்கில் பிறந்தவர். தொழிலால் கிராஃபிக் டிசைனர், என்ஜினியர் இல்லை. கிளாசிக்கல் கிட்டார் வாசிப்பார், புகைப்படம் எடுப்பார். இரண்டாம் உலகப் போர் முடிந்து குவீன்ஸ் பகுதியில் உள்ள கியூ கார்டன்ஸ் வீட்டுக்குத் திரும்பியவர், தன் மெர்குரி காரிலிருந்த ரேடியோவைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பாட வைக்கப் பார்த்தாராம். நிறுவன வரலாற்றில் தவறாமல் வரும் கதை இது. காருக்குச் செய்த ரேடியோ வீட்டு மின்சாரத்தில் ஓடாது. ஓட வைக்க எலெக்ட்ரானிக்ஸ் கற்க வேண்டியிருந்தது. கற்றார், அதோடு விடவில்லை.

1948-ல் எல்பி இசைத்தட்டு வந்தது. அதில் ஒரு சிக்கல். பேஸ் ஒலியை அப்படியே தட்டில் வெட்டினால் ஊசி செல்லும் பள்ளம் ரொம்ப அகலமாக அசைந்து பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். அதனால் வெட்டும்போதே பேஸைக் குறைத்துவிடுவார்கள். தட்டின் இரைச்சல் அமுங்கட்டும் என்று ட்ரெபிளை உயர்த்துவார்கள். கேட்கும்போது இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஆனால் எவ்வளவு குறைப்பது, எவ்வளவு உயர்த்துவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஒரு கம்பெனித் தட்டு சரியாகக் கேட்டால், அடுத்த கம்பெனித் தட்டு மந்தமாகவோ கீச்சென்றோ கேட்கும்.

மராண்ட்ஸ் தன் வீட்டில் உருவாக்கிய பெட்டி இதற்கான மருந்து. பேஸுக்குத் தனியாக ஒரு சுவிட்ச், ட்ரெபிளுக்குத் தனியாக ஒன்று. எந்தக் கம்பெனித் தட்டோ, அதற்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளலாம். ஆடியோ கன்சோலெட் என்று பெயர் வைத்தார். மனைவி ஜீன் கொடுத்த ஊக்கத்தில் 1950-களின் தொடக்கத்தில் 100 பெட்டிகள் செய்தார். ஒரே வருடத்தில் 400 ஆர்டர்கள் வந்தன. அதற்கப்புறம்தான் கம்பெனி.

1954-ல் அமெரிக்க இசைத்தட்டுத் துறை ‘ஆர்ஐஏஏ’ என்ற ஒரே கணக்குக்கு வந்தது. இன்றுவரை அதுதான். 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் கூட்ட வேண்டும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு குறைக்க வேண்டும். டர்ன்டேபிளின் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவதோ 5 மில்லிவோல்ட் அளவு. இவ்வளவு சின்ன சிக்னலை வளைக்காமல் பெரிதாக்கி, இந்தக் கணக்கையும் பிசகாமல் போடுவதுதான் ஃபோனோ ப்ரீஆம்பின் வேலை.

மாடல் 7 அதைச் செய்த விதத்தில்தான் பேர் வாங்கியது. சர்க்யூட்டுக்குப் பின்னால் இருந்தவர் சிட்னி ஸ்மித் என்ற என்ஜினியர். ஈசிசி83 வகை வால்வு 6. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பெருக்கிகள், ஆக இரு சேனலுக்கும் சேர்த்து 12. வெளியே போகும் சிக்னலில் ஒரு பகுதியை உள்ளே திருப்பி அனுப்பி, வால்வு செய்யும் பிழையை அதைக் கொண்டே குறைக்கும் முறை, அதாவது நெகடிவ் ஃபீட்பேக், அதில் உண்டு. முகப்பில் குமிழ்கள் சமச்சீராக அமர்ந்திருக்கும் அழகு மட்டும் டிசைனரின் கைவரிசை.

அப்புறம் எதற்கு வால்வு? அன்றைக்கு உருப்படியாக வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான். டிரான்சிஸ்டர் தேறியதும் 1960-களின் நடுவில் அதே கம்பெனி ‘7டி’ என்று டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் விற்றது.

கதகதப்பு எங்கிருந்து வருகிறது?

எளிய வால்வு சர்க்யூட், குறிப்பாக ஃபீட்பேக் இல்லாதது, மூல ஒலியோடு அதன் இரு மடங்கு அதிர்வெண்ணையும் கொஞ்சம் சேர்த்துவிடும். சங்கீதக் கணக்கில் சொன்னால், ‘ச’வோடு மேல்ஸ்தாயி ‘ச’வும் லேசாக ஒலிப்பது போல. காதுக்கு உறுத்தாது, செறிவாகத் தோன்றும். அது பிடித்தால் தாராளமாக வாங்கலாம், ரசனையில் தப்பே இல்லை. ஆனால் அது ஒரு சேர்க்கை, இசைத்தட்டில் இருந்ததில்லை. நன்றாகச் செய்யப்பட்ட வால்வு ப்ரீஆம்பில் இந்தச் சேர்க்கை மிகக் குறைவாகவே இருக்கும். காசு கூடக் கொடுத்தால் கதகதப்பு கூடும் என்று கணக்குப் போடாதீங்க.

வாங்கும் முன் என் பார்வையில் முக்கியமானது ஸ்பெக் ஷீட்டில் ஒரு வரி: அவுட்புட் இம்பீடன்ஸ். பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் இதைப்போல் 10 மடங்காவது இருக்கணும். வால்வு ப்ரீஆம்பை 10,000 ஓம் இன்புட் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்போடு கோர்த்தால் பேஸ் மெலிந்துபோக வாய்ப்புண்டு. மாடல் 7-ல் கடைசி வால்வை இதற்காகவே சிக்னலைப் பெரிதாக்காமல் தாங்கிப் பிடிக்கும் வேலையில் வைத்திருந்தார்கள்.

சிடி பிளேயரிலிருந்தே 2 வோல்ட் வரும். அதற்குப் பெருக்கலே தேவையில்லை, வால்யூம் குமிழ் போதும். மலிவான சில ‘வால்வு’ பெட்டிகளில் வால்வு வெறும் 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும். ஈசிசி83 சரியாக வேலை செய்ய 200 வோல்ட்டுக்கு மேல் வேணும். அடியில் எல்இடி வைத்து ஆரஞ்சாக மின்ன வைத்திருந்தால் இன்னும் உஷார். ஜப்பானிலிருந்து பழையதை இறக்கினால் அது 100 வோல்ட் கருவி, நம்ம 230-ல் நேராகச் சொருகினால் கதை முடிந்தது.

துல்லியம் கேட்ட விலை

மராண்ட்ஸைக் கவிழ்த்ததும் இதே துல்லிய மோகம்தான். ரிச்சர்ட் செக்குவேரா வடிவமைத்த மாடல் 10பி எஃப்எம் ட்யூனரில், வரும் சிக்னலைக் கண்ணால் பார்க்க ஒரு குட்டி ஆஸிலோஸ்கோப்பே இருந்தது. உருவாக்கும் செலவு கையை மீறியது. 1964-ல் கம்பெனி கலிஃபோர்னியாவின் சூப்பர்ஸ்கோப் கைக்குப் போனது. 1968 வரை தலைவராக இருந்துவிட்டு விலகினார். சொந்தப் பெயர் அங்கேயே தங்கிவிட்டது. 1970-களில் ஜான் டால்க்விஸ்ட்டோடு சேர்ந்து ஸ்பீக்கர் கம்பெனி தொடங்கியபோது, போர்டில் இருந்தது டால்க்விஸ்ட் பெயர். அங்கிருந்து வந்த டிக்யூ-10 ஸ்பீக்கரும் பேர் வாங்கியது.

1997 ஜனவரியில், 85 வயதில் இறந்தார். அந்தப் பத்தாண்டில், வீடுகளில் சிடி ஆட்சி செய்துகொண்டிருந்தபோது, அவர் பெயரைத் தாங்கிய கம்பெனி மாடல் 7-ஐ மறுபடி தயாரித்து விற்றது. அதே முகப்பு, அதே 6 வால்வு.