தலைப்பாகைச் சாரணர்

சாரணர் இயக்கம் என்றதும் பேடன் பவல் பிரபுவின் பெயரே எல்லோர் நாவிலும் வரும். அது முறையே. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு முதற்பாசறை நடத்தியவர் அவர். ஆனால் நம் நாட்டுச் சிறுவர்கள் அந்தச் சீருடையை அணிய வழி கண்டவர் யார்? பள்ளியில் ஐந்தாண்டுகள் சாரணனாக இருந்த எனக்கும் இக்கேள்விக்கு விடை, கல்லூரிக்கு வந்து வரலாறு பயிலத் தொடங்கிய பிறகே கிடைத்தது. அவர்தாம் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார். தன்னாட்சி இயக்கத் தலைவியாக அவரை அறிந்தோர் பலர். சாரணர்களின் தலைவியாக அறிந்தோர் சிலரே.

அம்மையார் 1847ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். 1867இல் பிராங்க் பெசன்ட் என்னும் பாதிரியாரை மணந்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு மக்கள் பிறந்தனர். சமய நம்பிக்கையில் எழுந்த வேறுபாடு முற்றி, 1873இல் கணவனும் மனைவியும் பிரிந்தனர். 1877இல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய சிறு நூலொன்றைச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டதற்காக அம்மையார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். சிறைக்குத் தப்பினார், ஆனால் மறு ஆண்டே, இத்தகைய கருத்துடைய தாயிடம் பெண் குழந்தை வளரலாகாது எனக் கூறி, மகள் மேபலை வளர்க்கும் உரிமையை நீதிமன்றம் பறித்துக்கொண்டது. வயது வந்த பின் மக்கள் இருவரும் தாயை நாடி வந்தனர் என்பது உண்மை. எனினும் பறிகொடுத்த அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தரமுடியும்? பிறர் பெற்ற பிள்ளைகளுக்காக அவர் பிற்காலத்தில் ஓயாமல் உழைத்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

1888இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றார். அதே ஆண்டில் இலண்டன் பள்ளிக் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உணவு வேண்டும் என வாதாடினார். 1889இல் பிரம்மஞானக் கொள்கையைத் தழுவினார். 1893 நவம்பரில் தூத்துக்குடித் துறையில் வந்திறங்கி இந்திய மண்ணை மிதித்தார். 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தோற்றுவித்தார். 1907இல் பிரம்மஞான சபையின் தலைவரானார். அடையாறு அவர் இல்லமாயிற்று.

இனிச் சாரணர் கதைக்கு வருவோம். இந்தியாவில் 1909இலேயே பெங்களூரில் கேப்டன் பேக்கர் என்பவர் சாரணர் படை அமைத்துவிட்டார். ஆனால் அதில் சேரும் உரிமை ஐரோப்பியச் சிறுவர்க்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்குமே இருந்தது. அரசாங்கத்தின் அச்சம் விளங்காத ஒன்றன்று. தடம் பார்த்துச் செல்லவும், வரைபடம் படிக்கவும், கொடியசைத்துச் செய்தி அனுப்பவும், அணியாகக் கூடி ஒரு தலைவன் சொற்படி நடக்கவும் பழகிய இந்திய இளைஞன் நாளை யாருக்கு எதிராக அணிவகுப்பான்? வங்கத்தில் வெடிகுண்டு ஓசை கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே கதவு அடைபட்டே கிடந்தது.

அடைத்த கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் இயல்பு அம்மையாருக்கு இல்லை. 1916இல் ஜார்ஜ் அருண்டேலின் துணையோடு சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தாமே தொடங்கினார். பயிற்சி முறை பேடன் பவல் வகுத்ததுதான். ஆனால் தொப்பிக்குப் பதில் தலையில் தலைப்பாகை. பாடுவதோ இந்தியப் பாடல்கள். தலைப்பாகை சிறு செய்தியாகத் தோன்றலாம். வெள்ளைக்காரப் பிள்ளையின் விளையாட்டை இரவல் வாங்கி ஆடவில்லை, இது எங்களுடையது என்று அந்தச் சிறுவனுக்கு உணர்த்தியது அதுவே அன்றோ!

அதே ஆண்டு செப்டம்பரில் அவர் தன்னாட்சிக் கழகத்தையும் நிறுவினார். அரசாங்கம் பொறுக்கவில்லை. 1917 ஜூனில் அம்மையாரையும் அருண்டேலையும் பி. பி. வாடியாவையும் காவலில் வைக்க ஆணையிட்டது. அம்மூவரும் உதகையில் தங்க நேர்ந்தது. சாரணர் சங்கத்தை உருவாக்கிய இருவருமே அதில் அடக்கம். நாடெங்கும் கிளர்ச்சி எழவே செப்டம்பரில் விடுதலை கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரசில் தலைமை தாங்கினார். காங்கிரசுத் தலைமை ஏற்ற முதற் பெண்மணி அவரே. வடக்கே மதன்மோகன் மாளவியாவும் இருதயநாத் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் சேவா சமிதிச் சாரணர் படையை வளர்த்துவந்தனர். எனவே இந்தியச் சிறுவனை ஒதுக்கி வைப்பது இனி இயலாது என்பது ஆட்சியாளர்க்குப் புரிந்தது.

1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். அம்மையார் தம் சங்கத்தை அவருடைய தலைமைச் சங்கத்தோடு இணைத்தார். அவருக்குக் கௌரவ ஆணையர் பதவி அளிக்கப்பட்டது. மாளவியாவோ இணைய மறுத்துவிட்டார். இருவரில் யார் செய்தது சரி? காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த நேரம் அது. அதை எதிர்த்ததால் அம்மையாரின் செல்வாக்கு ஏற்கெனவே சரிந்திருந்தது. இணைப்பையும் வெள்ளையர்க்குப் பணிந்த செயலாகக் கருதுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. இந்தியச் சிறுவனுக்கும் இடம் வேண்டும் என்பதே அவர் கேட்டது. அது கிடைத்ததும் தனிப்படையைக் கலைத்து ஒன்றாக்கினார். தாம் தொடங்கிய அமைப்பைத் தம் கையாலேயே முடித்து வைக்க எத்தனை தலைவர்களுக்கு மனம் வரும்?

ஆயினும் மாளவியாவின் ஐயமும் பொய்யாகவில்லை. 1937இல் பேடன் பவல் இந்தியர் பண்பைக் குறித்து இழிவாகக் கூறியதாக எழுந்த கொந்தளிப்பில் பலர் அச்சங்கத்தை விட்டு விலகினர். 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. அந்தப் பூசலைக் காண அம்மையார் உயிரோடு இல்லை. 1933 செப்டம்பர் 20ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில், அடையாற்றிலேயே அவர் காலமானார். அவர் உடலுக்கு அங்கேயே எரியூட்டினர். சாம்பலில் ஒரு பகுதி காசியில் கங்கையில் கரைக்கப்பட்டது.

பிரிந்து கிடந்த சாரணர் அமைப்புகள் விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7ஆம் நாள், பாரத சாரணர் இயக்கமாக ஒன்றுபட்டன. மறு ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சாரணியரும் அதில் இணைந்தனர்.