வீடு வீடாகச் சென்ற சோஃபியா

தேக்காவிலிருந்து சிலிகி சாலைப் பக்கம் சில நிமிடங்கள் நடந்தால் ஷார்ட் ஸ்திரீட் வரும். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1887 ஆகஸ்ட்டில் அங்கு ஒரு கடைவீட்டில்தான் தொடங்கியது. அப்போது அதன் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி. மாணவிகள் 9 பேர். தங்கள் மகள்களும் படிக்க வேண்டும் என்று விரும்பிய இந்திய வணிகர்கள் துணைநின்றனர்.

பள்ளியைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறிஸ்துவ ஊழியர் சோஃபியா பிளாக்மோர். அப்போது அவருக்கு வயது 29. சிங்கப்பூருக்கு வந்து ஏறத்தாழ ஒரு மாதமே ஆகியிருந்தது.

அக்காலப் பெரனாக்கான் குடும்பங்களில் பெண்பிள்ளைகள் வெளியே வருவதே அரிது. பிளாக்மோர் மலாய் மொழி கற்று, வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினார். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று பலர் மறுத்தனர். அவர் ஓயவில்லை. 1888ல் தொடங்கிய அவரது இரண்டாவது பள்ளியே இன்றைய ஃபேர்ஃபீல்ட் மெதடிஸ்ட் பள்ளி. ஏறக்குறைய 40 ஆண்டுகள் இங்குப் பணியாற்றி 1928ல் ஓய்வுபெற்றார். 1945ல் ஆஸ்திரேலியாவில் காலமானார்.

வார இறுதிகளில் நான் தொண்டூழியராகத் துணைப்பாடம் சொல்லித் தருகிறேன். சில நாள்களில் இரண்டு பிள்ளைகள்தான் வருவார்கள். இதைத் தொடரத்தான் வேண்டுமா என்ற பேச்சு எங்கள் குழுவில் எழுந்தது. 9 பேரை வைத்துத் தொடங்கிய பிளாக்மோர், வராதவர்களைத் தேடிப் போனார். அவருடைய இறைநம்பிக்கையை நான் அந்த நடையில்தான் காண்கிறேன். வகுப்பை நிறுத்துமுன், வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசிப் பார்ப்போம் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன்.