சிரிக்க வைத்த லூசி

1953-ம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ந் தேதி. திங்கட்கிழமை இரவு.

அமெரிக்காவில் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இருந்தார்கள். ஜனாதிபதியின் பேச்சைக் கேட்க அல்ல. யுத்தச் செய்தியை அறியவும் அல்ல. லூசி என்ற குடும்பப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும் கதையைப் பார்ப்பதற்காக!

மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அதை டெலிவிஷனில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்தான்.

கதையில் லூசிக்கு ஆண் குழந்தை பிறந்தது. லூசியாக நடித்தவர் லூசில் பால். அன்று காலையில் அவருக்கும் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்து இருந்தது! கதையில் கணவராக நடித்த டெசி அர்னாஸ்தான் நிஜ வாழ்க்கையிலும் அவருடைய கணவர்.

இந்தப் பெரும் புகழ் லூசிலுக்கு 40 வயதில் வந்தது. ஆனால் அவர் புகழைத் தேடி டெலிவிஷனுக்குப் போகவில்லை. ஊர் ஊராகப் போய்க் கொண்டிருந்த கணவரை வீட்டோடு இருக்க வைக்க ஒரு வழி தேடினார். அப்படிப் பிறந்ததுதான் அந்த நாடகம்.

வீடு பறிபோயிற்று

லூசில் 1911-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி பிறந்தார். ஊர், நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஜேம்ஸ்டவுன். தகப்பனார் டெலிபோன் கம்பி கட்டும் தொழிலாளி. லூசிலுக்கு 3 வயதாக இருக்கும்போது அவர் டைபாய்டு காய்ச்சல் கண்டு இறந்து போனார். அப்போது தாயார் கர்ப்பிணி.

தகப்பனார் இறந்த அன்று வீட்டுக்குள் ஒரு பறவை புகுந்து விட்டது. அது குழந்தையின் மனதில் ஆழமாகப் பதிந்தது. பெரிய நடிகை ஆன பிறகும் லூசிலுக்குப் பறவை என்றால் பயம். ஓட்டல் அறையின் சுவரில் பறவைப் படம் இருந்தால்கூட அங்கே தங்க மாட்டார்.

தாயைப் பெற்ற தாத்தா பிரெட் ஹண்ட்தான் குடும்பத்துக்கு ஆதரவு. செலரான் என்ற சிற்றூரில் அவருக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. அம்மா, தம்பி, சித்தி, சித்தியின் மகள் எல்லோரும் அங்கே ஒன்றாக வாழ்ந்தார்கள். தாத்தா, பேரக் குழந்தைகளை ஆட்டமும் பாட்டும் கோமாளி வேடிக்கையும் நடக்கும் கொட்டகைக்கு அழைத்துப் போவார். அந்த ஆசை லூசிலுக்கு அங்கேதான் பிடித்தது.

15 வயதில் நியூயார்க் நகரில் ஒரு நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். பிற்காலத்தில் புகழ் பெற்ற நடிகை பெட்டி டேவிஸ் அங்கே முதல் மாணவி. லூசிலோ வாயைத் திறக்கவே பயந்தார். பெண்ணுக்குக் கூச்சம் அதிகம், நடிப்பு வராது, கட்டும் பணம் வீண் என்று பள்ளியில் இருந்து தாயாருக்குக் கடிதம் போயிற்று. லூசில் ஊருக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு, 1927-ல், பேரிடி விழுந்தது. தாத்தா தன் பேரனுக்கு ஒரு சிறு துப்பாக்கி வாங்கிக் கொடுத்து இருந்தார். வீட்டுக்குப் பின்புறம் பிள்ளைகள் குறி பார்த்துச் சுட்டு விளையாடினார்கள். விருந்தாக வந்த ஒரு பெண் சுட்டபோது, பக்கத்து வீட்டுச் சிறுவன் குறுக்கே வந்து விட்டான். குண்டு அவன் முதுகில் பாய்ந்தது. அதன் பிறகு அவனால் நடக்க முடியவில்லை. வழக்கு நடந்தது. தாத்தாதான் பொறுப்பு என்று தீர்ப்பு ஆயிற்று. வீடு போயிற்று. ஒன்றாக இருந்த குடும்பம் சிதறியது.

லூசில் இதை மறக்கவே இல்லை. ஹாலிவுட்டில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? தம்பியையும், தாயாரையும், தாத்தாவையும் அங்கே வரவழைத்து ஒரே வீட்டில் குடி வைத்ததுதான்.

இரண்டாம் தரப் படங்களின் ராணி

நியூயார்க் நகரில் ஆடம்பரத் துணிக்கடையில் புது உடைகளை உடுத்திக் காட்டும் வேலை செய்தார். கடும் நோயில் விழுந்து ஊருக்குப் போய்ப் படுத்தார். எழுந்து, மீண்டும் அதே நகரத்துக்கு வந்தார். 1933-ல் ஒரு படத்தில் கூட்டத்தோடு நிற்கும் அழகிகளில் ஒருத்தியாக ஹாலிவுட்டுக்குப் போனார். சில வார வேலை என்று போனவர், அங்கேயே தங்கி விட்டார்.

ஆர்.கே.ஓ. என்ற படக் கம்பெனியில் வாரம் 50 டாலர் சம்பளம். சிறு வேடம், பிறகு சற்றுப் பெரிய வேடம். குறைந்த செலவில் எடுக்கும் இரண்டாம் தரப் படங்களுக்கு அவர் ராணி என்று பெயர் ஆயிற்று. பிறகு எம்.ஜி.எம். கம்பெனிக்குப் போனபோது, பழுப்பு நிறக் கூந்தலுக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். அந்தச் சிவப்பு கடைசி வரை நிலைத்தது. அவர் டெலிவிஷனுக்கு வந்தபோது அது கறுப்பு-வெள்ளைப் படம். கூந்தலின் நிறம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் நாடு முழுவதும் அவரைச் சிவப்புக் கூந்தல்காரி என்றே அழைத்தது!

எம்.ஜி.எம்.மில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். ஊமைப் படக் காலத்தின் சிரிப்பு மன்னர் பஸ்டர் கீட்டன். அவருக்கு அப்போது மவுசு குறைந்து போயிருந்தது. கையில் கிடைக்கும் சாமான்களை வைத்து எப்படிச் சிரிப்பு மூட்டுவது என்பதை அவர் லூசிலுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

வழியில் சந்தித்த தம்பதி

1940-ல் ஒரு படத்தில் நடிக்கும்போது லூசில், டெசி அர்னாசைச் சந்தித்தார். டெசி கியூபா நாட்டுக்காரர். அவருடைய தகப்பனார் சாண்டியாகோ நகரின் மேயர். 1933-ல் நடந்த புரட்சியில் சொத்தை இழந்து குடும்பம் அமெரிக்காவுக்கு வந்தது. டெசி நன்றாகப் பாடுவார். தோல் வாத்தியத்தை அடித்து ஆடுவார். லூசிலை விட 6 வயது இளையவர். அந்த ஆண்டு நவம்பர் 30-ந் தேதி கலியாணம் நடந்தது.

கலியாணம் நடந்ததே தவிர, குடித்தனம் நடக்கவில்லை. டெசி தன் பாண்டு கோஷ்டியுடன் ஊர் ஊராகப் போவார். உள்ளூரில் இருந்தாலும் இரவு முழுவதும் கச்சேரி. விடியற்காலையில் அவர் காரில் வீடு திரும்புவார். அதே நேரத்தில் லூசில் படப்பிடிப்புக்குக் கிளம்புவார். வழியில் இரண்டு கார்களையும் நிறுத்திக் கொஞ்ச நேரம் பேசிக் கொள்வார்கள். அவ்வளவுதான்!

குடியும், வேறு பெண்களின் பழக்கமும் டெசிக்கு இருந்தன. 1944-ல் லூசில் விவாகரத்துக்கு மனுப் போட்டார். மனம் கேளாமல் சமாதானம் ஆகி விட்டார். குழந்தை வேண்டும் என்ற ஏக்கம் வேறு. கர்ப்பம் கலைந்த துக்கத்தையும் அனுபவித்தார்.

1948 முதல் ஒரு ரேடியோ நாடகத்தில் அசட்டு மனைவியாக லூசில் நடித்தார். அது வெற்றி பெற்றது. சி.பி.எஸ். கம்பெனி அதை டெலிவிஷனில் காட்ட விரும்பியது. லூசில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கணவராக டெசிதான் நடிக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் மறுத்தார்கள். வெள்ளைக்கார அமெரிக்கப் பெண்ணுக்குக் கியூபாக்காரர் கணவர் என்றால் ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். இருவரும் நிஜமாகவே 10 ஆண்டு கணவன்-மனைவி என்பதை அவர்கள் மறந்து விட்டார்கள் போலும்!

ஜனங்களையே கேட்டு விடலாம் என்று தம்பதிகள் 1950-ல் மேடை நிகழ்ச்சியோடு சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கம்பெனி இறங்கி வந்தது.

1,000 டாலர் விட்டார்கள்; கோடி கிடைத்தது

இன்னும் ஒரு சிக்கல். அந்த நாளில் டெலிவிஷன் நாடகங்களை நியூயார்க்கில் இருந்து நேராக ஒலி-ஒளி பரப்பினார்கள். தூரத்து ஊர்களுக்குப் பெட்டியில் தெரிவதைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அது மங்கலாக இருக்கும். செலவை ஏற்ற சிகரெட் கம்பெனி, நியூயார்க்குக்கு வரச் சொன்னது. லூசில் ஹாலிவுட் வீட்டை விட்டு வர மறுத்தார்.

சினிமா போலவே நல்ல பிலிமில் எடுத்து அனுப்புகிறோம் என்றார் டெசி. செலவு கூடும் என்றார்கள். எங்கள் வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக் கொள்ளுங்கள், அதற்குப் பதிலாகப் பிலிம் சுருள்கள் எங்களுக்குச் சொந்தமாக இருக்கட்டும் என்றார். ஒரு முறை காட்டிய நாடகத்தை மறுபடி யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணி, அவர்களும் சம்மதித்தார்கள்!

சுமார் 300 பேர் உட்கார இடம் அமைத்து, அவர்கள் எதிரில் நாடகம் நடந்தது. கார்ல் பிராய்ண்ட் என்ற பெரிய ஒளிப்பதிவாளரின் யோசனைப்படி, மூன்று காமிராக்கள் ஒரே சமயத்தில் படம் பிடித்தன. லூசிலின் தாயார் தவறாமல் வந்து உட்காருவார். மகள் வம்பில் மாட்டப் போகும்போது அவர் பதறிக் குரல் கொடுப்பது பல பிலிம்களில் பதிவாகி இருக்கிறது.

"ஐ லவ் லூசி" என்பது நாடகத்தின் பெயர். 1951-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி தொடங்கியது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் லூசிலுக்கு முதல் குழந்தை, பெண் குழந்தை, பிறந்து இருந்தது.

கதை மிகவும் எளியது. கணவன் பாட்டுக்காரன். மனைவி லூசிக்கும் மேடை ஏற ஆசை. அவன் மறுப்பான். அவள் தந்திரம் செய்து மாட்டிக் கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரி எதெல் (விவியன் வான்ஸ் என்ற நடிகை) அவளுக்குத் துணை.

ஒரு நாடகத்தில் இருவரும் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேருகிறார்கள். ஓடும் பட்டையில் சாக்லெட்டுகள் வரும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்ற வேண்டும். பட்டை வேகம் எடுக்கிறது. சுற்ற முடியவில்லை. வாயில் திணிக்கிறார்கள். தொப்பிக்குள் போடுகிறார்கள். சட்டைக்குள் ஒளிக்கிறார்கள். 1952-ல் வந்த இந்தக் காட்சியை இன்று பார்க்கும் குழந்தையும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. இதே கதையில் லூசிலின் பக்கத்தில் நின்று சாக்லெட் செய்த பெண் நடிகை அல்ல, உண்மையான மிட்டாய்க்காரி. லூசிலின் கன்னத்தில் அறைய வேண்டிய கட்டத்தில், அவர் நிஜமாகவே ஓங்கி அறைந்து விட்டார்!

பார்க்கத் தற்செயல் போலத் தோன்றும். ஆனால் லூசில் நாள் கணக்கில் ஒத்திகை பார்ப்பார். ஒரு சாமான் ஒரு அங்குலம் தள்ளி இருந்தாலும் விட மாட்டார். மேடையில் அசடு, ஒத்திகையில் கண்டிப்பான வாத்தியார்.

இரண்டாவது குழந்தை உண்டானபோது, அதையும் கதையில் சேர்த்தார்கள். கர்ப்பம் என்ற சொல்லையே டெலிவிஷனில் சொல்லக் கூடாது என்று இருந்த காலம் அது. கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டண்டு போதகர், யூத குரு மூவரும் கதையைப் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே காட்டினார்கள்.

அதே 1953-ல் ஒரு சோதனையும் வந்தது. அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடித்துக் கொண்டிருந்த சமயம். 1936-ல் லூசில் கம்யூனிஸ்டு கட்சி வாக்காளராகப் பதிந்து கொண்டார் என்பது வெளியாயிற்று. தொழிலாளர் பக்கம் நின்ற தாத்தாவின் மனம் குளிரச் செய்த காரியம் அது. விசாரணைக் குழுவின் முன் அதைச் சொன்னார். பலருடைய பிழைப்பு இப்படிப் பறிபோன நேரம். அந்த வாரப் படப்பிடிப்புக்கு முன் டெசி கூட்டத்தின் எதிரே வந்து, மனைவி குற்றமற்றவர் என்று விளக்கினார். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆபத்து நீங்கியது.

மதிப்பில்லை என்று விட்டுக் கொடுத்த பிலிம் சுருள்களைப் பிறகு சி.பி.எஸ். கம்பெனியே 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்கியது! 1957-ல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ விலைக்கு வந்தது. லூசில் ஒரு காலத்தில் வாரம் 50 டாலருக்கு வேலை பார்த்த இடம். 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் தம்பதிகள் அதை வாங்கினார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அவர்கள் கம்பெனிக்கு டெசிலு என்று பெயர்.

கடைசி முத்தம்

கம்பெனி வளர்ந்தது. வேலை வளர்ந்தது. டெசியின் குடியும் வளர்ந்தது. எதற்காக நாடகம் தொடங்கினாரோ, அது கைகூடவில்லை.

1960-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி இருவரும் சேர்ந்து நடித்த கடைசி நாடகம் படமாயிற்று. அன்று டெசியின் பிறந்த நாள். கதையின் முடிவில் கணவனும் மனைவியும் சமாதானமாகி முத்தமிட வேண்டும். முத்தமிட்டார்கள். இருவர் கண்ணிலும் நீர். மறுநாள் லூசில் விவாகரத்து மனுவைக் கொடுத்தார்.

1961-ல் கேரி மார்ட்டன் என்ற நகைச்சுவைக் கலைஞரை மணந்தார். 1962-ல் டெசியின் பங்கையும் வாங்கி, டெசிலு கம்பெனிக்குத் தலைவி ஆனார். அமெரிக்காவில் ஒரு பெரிய டெலிவிஷன் ஸ்டூடியோவை ஒரு பெண் நடத்தியது அதுவே முதல் தடவை. விண்வெளிக் கதையான "ஸ்டார் டிரெக்" அங்கேதான் உருவாயிற்று. செலவு அதிகம் என்று கம்பெனிக்குள் எதிர்ப்பு இருந்தது. லூசில் துணிந்து அனுமதி கொடுத்தார். 1967-ல் கம்பெனியை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றார். அதன் பிறகும் 1974 வரை வேறு நாடகங்களில் நடித்தார். மகளும் மகனும் கூட நடித்தார்கள்.

75 வயதில், 1986-ல், மீண்டும் ஒரு நாடகம் தொடங்கினார். அது எடுபடவில்லை. 8 வாரத்தில் நிறுத்தி விட்டார்கள். லூசில் நொந்து போனார்.

அப்போது டெசி நுரையீரல் புற்றுநோயால் படுத்த படுக்கையாக இருந்தார். லூசில் போய்ப் பார்த்தார். நவம்பர் 30-ந் தேதி மகள் டெலிபோனை டெசியின் காதருகே பிடித்தாள். மறு முனையில் லூசில் பேசினார். அது அவர்களுடைய கலியாண நாள். இரண்டு நாள் கழித்து டெசி காலமானார்.

அதே வாரத்தில் வாஷிங்டனில் லூசிலுக்குக் கென்னடி மையத்தின் விருது வழங்கும் விழா. டெசி இறக்குமுன் எழுதி வைத்த வரிகள் அங்கே படிக்கப்பட்டன. லூசில் கண்ணீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து இருந்தார்.

1989-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லூசிலுக்கு இருதயத்தில் பெரிய ஆபரேஷன் நடந்தது. தேறி வருவது போல இருந்தது. ஏப்ரல் 26-ந் தேதி ரத்தக் குழாய் வெடித்து இறந்து போனார். வயது 77. அவருடைய சாம்பலைப் பிற்பாடு ஜேம்ஸ்டவுனுக்குக் கொண்டு வந்து, சொந்தக்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவே வைத்தார்கள்.

தாத்தாவின் வீடு இருந்த செலரானில் 2009-ல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலை லூசில் போலவே இல்லை. முறைத்துப் பார்த்தது. பயமுறுத்தும் லூசி என்று ஊரே கேலி செய்தது. 2016-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, அவர் பிறந்த நாளில், வேறு சிற்பி செய்த அழகான சிலையை வைத்தார்கள். பழைய சிலையை அவர்கள் உருக்கி விடவில்லை. அதே பூங்காவில் கொஞ்சம் தள்ளி நிறுத்தி விட்டார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள்.